மனப்பாடம் வேண்டாம், புத்தகம் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகள் மேடை என்றாலே பின்வாங்குகிறார்கள் என்று உங்கள் கோவைப் பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், வகுப்பில் ஆங்கிலம் என்று மூன்றுக்கும் நடுவில் பிள்ளைகளின் வாய் கட்டிப்போகிறது என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மூன்று வயதில் என் காது வலிக்கும்வரை வாயடித்த பிள்ளைகள், ஏழாம் வகுப்புக்குப் போனதும் கேட்ட கேள்விக்கு 'ம்', 'ம்ஹூம்' என்று மட்டும் பதில் சொல்லிவிட்டு நகர்வதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் கட்டுரை, 'பேச்சுப் போட்டிகளை அதிகப்படுத்த வேண்டும்' என்று முடிந்திருந்தது. போட்டிகளுக்கு இங்கே ஒன்றும் குறைவில்லை. ஆண்டு விழா, குழந்தைகள் தினம், பாரதி பிறந்த நாள், பொங்கல் விழா என்று வருஷம் முழுக்க நடக்கின்றன. அவை எப்படி நடக்கின்றன என்பதில்தான் கோளாறு இருக்கிறது. வேறு ஒரு சமூகம் தன் பிள்ளைகளை மேடையேற்றும் விதத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் மகள் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் இருக்கிறாள். அவள் பிரசவத்துக்காகப் போய்ச் சில மாதம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பஞ்சாபிச் சீக்கியக் குடும்பம். கேரளப் பள்ளியில் படித்ததால் எனக்குக் கொஞ்சம் இந்தி வரும். அந்த வீட்டுப் பாட்டிக்குப் பஞ்சாபி கலந்த இந்தி. அது போதுமானதாக இருந்தது. என் பேரனை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு சாயங்காலம் இரண்டு பேரும் நடப்போம். அவருக்குப் பத்து வயதில் ஒரு பேத்தி, ஏழு வயதில் ஒரு பேரன்.

சீக்கியர்கள் முடி வெட்டுவதில்லை என்பது நமக்குத் தெரியும். 1699-இல் குரு கோவிந்த் சிங் ஆனந்த்பூரில் கால்சா என்ற சீக்கியர் அமைப்பை ஏற்படுத்தியபோது வந்த ஐந்து அடையாளங்களில் வெட்டாத கேசமும் ஒன்று. பெரியவர்கள் தலைப்பாகை கட்டுவார்கள். சின்னப் பையன்கள் முடியை உச்சியில் கொண்டையாக முடிந்து, அதன்மேல் 'பட்கா' என்ற சிறு துணியை இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். ஒரு நாள் பள்ளியில் யாரோ அந்தக் கொண்டையை அமுக்கிப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். பையன் வீட்டுக்கு வந்து பட்காவை அவிழ்த்து வீசிவிட்டு, 'எனக்கு முடி வெட்டிவிடுங்கள்' என்று அழுதான். பாட்டி அதை என்னிடம் சொல்லும்போது அவர் குரலே சரியாக இல்லை.

அவர்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நியூயார்க்கில் கோபுரங்கள் தகர்க்கப்பட்ட நாலாம் நாள், 2001 செப்டம்பர் 15 அன்று, அரிசோனாவில் மேசா என்ற ஊரில் தன் பெட்ரோல் பங்க் வாசலில் நின்றிருந்த பல்பீர் சிங் சோதி என்பவரை, தலைப்பாகையையும் தாடியையும் பார்த்து ஒருவன் சுட்டுக் கொன்றான். 2012 ஆகஸ்ட் 5 அன்று விஸ்கான்சின் மாநிலத்தில் ஓக் கிரீக்கில் சீக்கியர்களின் வழிபாட்டு இடமான குருத்வாராவுக்குள் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்ததில் ஆறு பேர் அன்றே இறந்தார்கள். சீக்கியப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பள்ளியில் சீண்டலுக்கு ஆளாகிறார்கள் என்று அங்குள்ள சீக்கியர் உரிமை அமைப்பு ஒன்று 2014-இல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பிள்ளை தன் தலையில் இருப்பது என்ன, ஏன் என்று நாலு பேர் முன்னால் சொல்லத் தெரிந்துகொள்வது வெறும் கலை நிகழ்ச்சி விஷயம் இல்லை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் சீக்கியப் பிள்ளைகளுக்கென்று ஆண்டுதோறும் ஒரு பேச்சுப் போட்டி நடக்கிறது. 'சிம்போசியம்' என்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தையிலிருந்து கல்லூரி இளைஞர் வரை வயது வாரியாகப் பிரிவுகள். முதலில் உள்ளூர் குருத்வாராவில் நடக்கும், அதில் தேறியவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். இதெல்லாம் எங்கும் உள்ளதுதான். என்னைக் கவர்ந்தது வேறு. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு புத்தகம் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். அதோடு சில கேள்விகள். பிள்ளை அந்தப் புத்தகத்தைப் படித்து, அந்தக் கேள்விகளுக்குத் தன் பதிலை மேடையில் சொல்ல வேண்டும். கேள்வியும், புத்தகத்தில் என்ன நடந்தது என்பதோடு நிற்பதில்லை. 'இதை உன் வாழ்க்கையில் எப்படிப் பார்க்கிறாய்?' என்றும் கேட்கிறார்கள்.

அந்தப் பெண் குழந்தை தயாரானதை நான் தினமும் பார்த்தேன். அவளுக்கு வந்தது பாய் கன்னையா கதை. குரு கோவிந்த் சிங் காலத்தில் ஆனந்த்பூரில் நடந்த சண்டையில், தோல்பையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய், அடிபட்டுக் கிடந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தவர் அவர். எதிரிப் படையினருக்கும் கொடுத்தார். 'நம்மை வெட்ட வந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறார்' என்று வீரர்கள் குருவிடம் புகார் சொன்னார்கள். குரு கூப்பிட்டுக் கேட்டார். 'எனக்கு எல்லார் முகத்திலும் உங்கள் முகம்தான் தெரிகிறது' என்றார் கன்னையா. குரு அவரைக் கோபிக்கவில்லை. தண்ணீரோடு இதையும் எடுத்துப் போ என்று காயத்துக்குப் போடும் மருந்தையும் கொடுத்து அனுப்பினார். சீக்கிய வீடுகளில் வழிவழியாகச் சொல்லும் கதை இது.

சரி, அந்தக் குழந்தை இதைப் படித்துவிட்டுப் பாட்டியிடம் கேட்டது என்ன தெரியுமா? 'தண்ணீர் குடித்த எதிரி எழுந்து வந்து மறுபடி நம் ஆட்களை வெட்டினால், அந்தப் பாவம் கன்னையாவுக்கு வராதா?' பாட்டி திணறிப்போனார். மகனைக் கேட்டார், அவருக்கும் பதில் சொல்ல வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை குருத்வாராவில் கிரந்தியை, அதாவது அவர்களுடைய வேதத்தை வாசிப்பவரை, பிடித்துக்கொண்டார்கள். அவர் சொன்ன பதிலும் குழந்தைக்குத் திருப்தியாக இல்லை. ஒரு வாரம் அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் இதே பேச்சு. ஒரு பத்து வயதுப் பிள்ளையின் கேள்விக்கு வீடே உட்கார்ந்து யோசித்ததை நான் என் ஊரில் எந்தப் பேச்சுப் போட்டிக்கும் பார்த்ததில்லை.

போட்டி அன்று என்னையும் கூட்டிப்போனார்கள். செருப்பைக் கழற்றி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். எல்லாரும் தரையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் தாத்தாக்கள், நடுவில் அம்மாக்கள், முன்னால் குழந்தைகள். பேச வந்த ஒவ்வொரு பிள்ளையும் கைகூப்பி, 'வாஹேகுரு ஜி கா கால்சா, வாஹேகுரு ஜி கி ஃபதே' என்று அவர்கள் வழக்கப்படி வணக்கம் சொன்னதும், கூடம் மொத்தமும் அதையே திருப்பிச் சொன்னது. ஒரு பிள்ளை முதல் வார்த்தை பேசியவுடன் நூறு பெரியவர்கள் பதில் சொல்கிறார்கள் என்றால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பாதி பயம் அங்கேயே போய்விடும்.

பக்கத்து வீட்டுப் பெண் பேச்சின் நடுவில் நின்றுவிட்டாள். என்ன சொல்ல வந்தோம் என்பது மறந்துவிட்டது. யாரும் கீழிருந்து எடுத்துக் கொடுக்கவில்லை. யாரும் சிரிக்கவுமில்லை. அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம், எழுதி வைத்ததை விட்டுவிட்டு, தன் வகுப்பில் தன்னைப் பிடிக்காத ஒரு பெண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அந்தப் பெண் விளையாட்டு மைதானத்தில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டபோது தான் தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்ததாகவும், கடைசியில் கொடுக்கவில்லை என்றும், அடுத்த முறை கொடுப்பேன் என்றும் சொன்னாள். தன் பழைய கேள்விக்குத் தனக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவ்வளவு பெரிய கூட்டத்தின் முன் ஒரு குழந்தை அப்படிப் பேசியதைக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தம்பி சின்னப் பிரிவில் பேசினான். குரு நானக்கின் அப்பா வியாபாரம் செய்யச் சொல்லி 20 ரூபாய் கொடுத்தனுப்ப, அவர் அதைப் பசியோடிருந்த சாதுக்களுக்குச் சாப்பாடு போட்டுத் தீர்த்துவிட்டு வந்த கதை. நன்றாகச் சொன்னான், பரிசு ஒன்றும் வரவில்லை. ஆனால் மறுவாரம் பள்ளியில் டீச்சரிடம் அவனே கேட்டு, வகுப்பில் எழுந்து நின்று பட்காவைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். அதற்காகக் காவி நிறப் பட்காதான் வேண்டும் என்று அடம்பிடித்துக் கட்டிக்கொண்டு போனான். முடி வெட்டும் பேச்சு அதற்குப் பிறகு அந்த வீட்டில் வரவில்லை. ஒரே ஒரு போட்டி ஒரு பிள்ளையைத் தலைகீழாக மாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் அத்தனை நாள் அவனோடு உட்கார்ந்து படித்தார்களே, அதற்குப் பெரிய பங்கு உண்டு. அப்படி உட்கார வைத்தது போட்டிதான்.

எல்லாமே எனக்குப் பிடித்தது என்றும் இல்லை. முன் வரிசையில் ஒரு அம்மா, பிள்ளை பேசப் பேசத் தானும் வாயசைத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பையன் கண் அம்மாவை விட்டு நகரவில்லை. பரிசு கிடைக்காமல் அழுத குழந்தைகளும் உண்டு. பரிசு இருக்கும் இடத்தில் இந்தத் தொல்லை எங்கேயும் இருக்கும் போலிருக்கிறது. ஆனால் தங்கள் பெருமையைச் சொல்வதற்காக அடுத்தவரை இறக்கிப் பேசிய பிள்ளை ஒன்றுகூட இல்லை. அவர்களுடைய குரு கிரந்த் சாஹிபில் குருமார்களின் பாடல்களோடு, கபீர், மராட்டியத்து நாமதேவர், சூஃபி ஞானி ஃபரீத் பாடல்களும் இருக்கின்றன. அதைப் படித்து வளரும் பிள்ளைக்குத் தான் யார் என்று சொல்ல இன்னொருவரைத் திட்ட வேண்டிய தேவை வராது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். எங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். ஒரு விழாவில் பேச்சுப் போட்டி. தலைப்பு தாய்மொழிப் பற்று. டியூஷன் சார் எழுதிக் கொடுத்தார், அம்மா மனப்பாடம் செய்வித்தார். 'அவையோர் அனைவருக்கும் என் முதற்கண் வணக்கம்' என்று கணீரென்று தொடங்கினாள். மூன்றாவது பத்தியில் ஒரு வரி விட்டுப்போயிற்று. திரும்ப முதலிலிருந்து, 'அவையோர் அனைவருக்கும்' என்று ஆரம்பித்தாள். சரியாக அதே இடத்தில் மறுபடி நின்றாள். மணி அடித்துவிட்டார்கள். கீழே இறங்கி வந்தவளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஆள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். இப்போது பள்ளி அசெம்பிளியில் செய்தி வாசிக்கக்கூட அவள் வரமாட்டேன் என்கிறாள். மனப்பாடப் பேச்சில் ஒரு கண்ணி விட்டால் மொத்தப் பின்னலும் அவிழ்ந்துவிடும். ஃப்ரீமான்ட் பெண்ணும் மறந்தாள். ஆனால் அவள் மறந்தது வாக்கியத்தை மட்டும்தான். சொல்ல வேண்டிய விஷயம் அவளிடம் இருந்தது. நம் பெண்ணிடம் இருந்தது வேறொருவர் எழுதிய வாக்கியம் மட்டும்தான். குற்றம் அந்தக் குழந்தையுடையது இல்லை.

தாய்மொழியின் பெருமை, தமிழனின் வீரம் என்று அவளை அடுக்கச் சொன்னோமே, அவளுடைய உண்மையான சங்கடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவிட்டோமா? இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ப்ளஸ் ஒன்னுக்கு டவுன் பள்ளிக்குப் போனால் 'பாண்டி' என்று கேலி கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. சீக்கியப் பிள்ளைக்கு வித்தியாசம் தலையில் தெரிகிறது. நம் பிள்ளைக்கு வாயைத் திறந்தால்தான் தெரியும். அதனால் வாயைத் திறக்காமலே இருந்துவிடுகிறது. அதுவே பஸ்ஸில் பொள்ளாச்சிக்குப் போனால், 'நீ மலையாளத்துக்காரியா, இழுத்து இழுத்துப் பேசுகிறாயே' என்கிறார்கள். 1956-இல் மாநிலங்களைப் பிரித்து எழுபது வருஷம் ஆகப்போகிறது. இத்தனை காலமாக இங்கேயே பிறந்து, இங்கேயே ஓட்டுப் போட்டு, இந்த மண்ணில் நிலக்கடலையும் தென்னையும் வைத்துப் பிழைக்கிற நாம் இரண்டு பக்கத்துக்கும் விருந்தாளி மாதிரி ஏன் கூனிக் குறுக வேண்டும்? இதைப் பற்றிப் பேசத் தெரிந்த பிள்ளைக்கு வேறெந்தத் தலைப்பிலும் பேச வரும்.

கேரளத்தில் வசதி இல்லை என்று சொல்ல மாட்டேன். பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தில் தமிழ்ப் பேச்சு, தமிழ்ச் செய்யுள் சொல்லல் இரண்டும் போட்டியாகவே இருக்கின்றன. நல்ல மதிப்பெண் சலுகையும் உண்டு. ஆனால் ஒரு பள்ளியிலிருந்து ஒரு பிள்ளைதான் போகும். அதுவும் ஏற்கெனவே நன்றாகப் பேசுகிற பிள்ளை. எனக்குக் கவலை, மிச்சமிருக்கிற முப்பது பேரைப் பற்றித்தான். இங்கே கிராமத்துக்குக் கிராமம் நூலகம் இருக்கிறது. ஜூன் 19-ஐ வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறார்கள். புத்தகப் பட்டியல் கொடுத்து மலையாளத்தில் வாசிப்புப் போட்டியும் நூலகக் கவுன்சில் நடத்துகிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதில் கலந்துகொள்ளட்டும், சந்தோஷம். அதே நாளில், அதே கூடத்தில், தமிழில் ஒரு புத்தகமும் சில கேள்விகளும் வைத்தால் யார் வேண்டாம் என்று சொல்லப்போகிறார்கள்? நூலகத்தில் தமிழுக்கென்று இருப்பது ஒரே ஒரு அலமாரி. அதைத் திறக்கவும் ஒரு காரணம் கிடைக்கும்.

முதல் விஷயமாக எதை வைக்கலாம் என்றும் யோசித்து வைத்திருக்கிறேன். வைக்கம் போராட்டம். 1924-இல் வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாச் சாதியாரும் நடக்கும் உரிமைக்காக நடந்தது. மலையாளத் தலைவர்கள் சிறைக்குப் போனபோது ஈரோட்டிலிருந்து பெரியார் வந்தார், இரண்டு முறை சிறைப்பட்டார். நாகம்மையாரும் வந்தார். இது நம் பிள்ளைகளுக்கு ஓரளவு தெரியும். பஞ்சாபிலிருந்து அகாலிகள் என்ற சீக்கிய இயக்கத்தார் வைக்கத்துக்கு வந்து, போராடியவர்களுக்காக இலவசச் சமையற்கூடம் நடத்தினார்கள் என்பது பெரியவர்களிலேயே பலருக்குத் தெரியாது. வெளியூர்க்காரர்கள் சமைத்துப் போடுவது சரியில்லை, உள்ளூர்க்காரர்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று காந்தி சொன்னதால் அது நின்றுபோனது. இதை நான் ஃப்ரீமான்டில் அந்தப் பாட்டியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. மகளை விட்டு மடிக்கணினியில் எடுத்துக் காட்டிய பிறகு, அடுத்த ஞாயிறு குருத்வாராவில் எல்லாருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் லங்கர் பந்தியில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, 'இவர்கள் ஊருக்கு நம்மவர்கள் போய் ரொட்டி சுட்டிருக்கிறார்கள்' என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்.

ஒரு தமிழ்ப் பிள்ளை இதைப் படித்துவிட்டு, காந்தி சொன்னது சரியா, அகாலிகளைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டுமா என்று பேசட்டும். ஒரு பிள்ளை சரி என்னும், இன்னொன்று தப்பு என்னும். இரண்டுக்கும் நாம் கை தட்டலாம். 'உங்கள் தெருவில் இன்றைக்கும் யாராவது நடக்கத் தயங்குகிற இடம் உண்டா?' என்று மூன்றாவதாக ஒரு கேள்வி வைத்தால், பெரியவர்களுக்குத்தான் வியர்க்கும். வைத்துத்தான் பார்ப்போமே.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஞாயிற்றுக்கிழமைச் சிறுவர் பக்கத்தில் இந்த வரலாற்றை நாலு வாரத் தொடராகப் போடுங்கள். பத்து வயதுப் பிள்ளை தானே படிக்கிற தமிழில் இருக்கட்டும். கடைசி வாரத்தில் கேள்விகளை அச்சிடுங்கள். எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கக் கூடாது, கையில் சின்னக் குறிப்பு வைத்துக்கொள்ளலாம், கேரளத் தமிழாகவே பேசலாம், நடுவில் மலையாளச் சொல் விழுந்தால் மதிப்பெண் குறையாது என்று விதிகளில் தெளிவாகப் போடுங்கள். மறந்து நின்றால் மணி அடிக்காமல் காத்திருக்க வேண்டும் என்பதும் விதியாகவே இருக்கட்டும். பரிசுக்குப் பணம் வேண்டாம், புத்தகம் போதும், அதையும் வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும்.

இங்குள்ள வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். என்னோடு வேலை பார்த்த அங்கன்வாடி டீச்சர்கள் வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கமெல்லாம் இருக்கிறார்கள். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை வாய் திறப்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளைத்தான் முதலில் கூட்டி வருவோம். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் படிக்கும் மாணவர்களை நடுவர்களாகக் கேட்கலாம் என்று இருக்கிறேன். எங்கள் தெருப் பெண்ணிடமும் பேசிவிட்டேன். பேச வரமாட்டாளாம், புத்தகம் வந்தால் படித்துப் பார்க்கிறேன் என்றாள். ஏப்ரலுக்குள் உங்கள் முடிவு தெரிந்தால், ஜூன் 19-க்கு நூலகக் கூடத்தைச் சொல்லி வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி டீச்சர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.